ஆம்ப் இரையுது, மங்குது, கத்துது: கிட்டார் ஆம்பின் முதல் ஸ்டேஜில் பிழை பிடிக்கும் வழி

கிட்டார் ஆம்பில் என்ன கோளாறு வந்தாலும் முதல் பழி வால்வு மேல்தான் விழும். டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் ‘ஐசி போயிருக்கும்’ என்பார்கள். வால்வையும் ஐசியையும் மாற்றிப் பார்த்த பிறகும் அதே இரைச்சலோடு பெஞ்சுக்கு வரும் ஆம்ப்தான் அதிகம். முதல் ஸ்டேஜில், அதாவது கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் இடத்தில், வால்வோ டிரான்சிஸ்டரோ ஒரு பாகம் மட்டும்தான். அதைச் சுற்றி ஜாக், ரெசிஸ்டர், கன்டென்சர், சாக்கெட், எர்த் என்று இன்னும் ஏழெட்டு பேர் நிற்கிறார்கள். அறிகுறியைக் கவனித்தால் ஆளைப் பாதி அடையாளம் கண்டுவிடலாம். ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும்: ஒரே அறிகுறிக்கு வால்வு ஆம்பில் ஒரு காரணம், டிரான்சிஸ்டர் ஆம்பில் வேறொரு காரணம். வால்வு பழக்கத்தில் டிரான்சிஸ்டர் ஆம்பில் கை வைத்தாலும், மாறி நடந்தாலும், நாள் வீணாகும்.

வால்வா டிரான்சிஸ்டரா, எது ‘டோன்’ நல்லது என்ற சண்டையை இங்கே எடுக்கப் போவதில்லை. அது சேலம் ஐந்து ரோட்டு டீக்கடையில் முடியாத சண்டை.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வால்வு ஆம்பின் முதல் ஸ்டேஜில் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 இருக்கும். ஐரோப்பியப் பெயர் ஈசிசி83. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த ஈசிசி83 இன்றும் பழைய ரேடியோ கடைகளில் தென்படும். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு. ஒவ்வொன்றுக்கும் மூன்று முனை: சிக்னல் நுழையும் கிரிட், பெருகி வெளியே வரும் பிளேட், ஹீட்டர் சூடாக்கும் கேத்தோடு. பிளேட்டில் 100 கே (கிலோ ஓம்), கேத்தோடில் 1.5 கே, அதன் மேல் 25 மைக்ரோஃபாரட், கிரிட்டிலிருந்து எர்த்துக்கு 1 மெக் (மெகா ஓம்), ஜாக்கிலிருந்து கிரிட்டுக்கு 68 கே. ஃபெண்டர் ஆம்ப்கள் வழியாகப் பரவி உலகம் முழுக்கக் காப்பியடிக்கப்பட்ட அமைப்பு இது. சப்ளை 280 வோல்ட் என்றால் பிளேட்டில் 180 பக்கமும் கேத்தோடில் 1.5 பக்கமும் நிற்கும். அதாவது ஒரு மில்லியாம்ப் ஓடுகிறது. இந்த இரண்டு எண்ணும் கண்ணில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டிரான்சிஸ்டர் ஆம்ப் மூன்று வகையாக வரும். பிசி109, பிசி549 போன்ற சாதா டிரான்சிஸ்டர் (கால்கள்: பேஸ், எமிட்டர், கலெக்டர்) ஒரு வகை. ஜே201, பிஎஃப்டபிள்யூ10 போன்ற ஃபெட் (கால்கள்: கேட், சோர்ஸ், டிரெய்ன்) அடுத்தது. டிஎல்072 போன்ற ஐசி மூன்றாவது. இந்த மூன்றும் வேறு வேறு விதமாகக் கெடும். அதனால் மூடியைக் கழற்றியதும் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திறப்பதற்கு முன்

வால்வு ஆம்பை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். ஃபில்டர் கன்டென்சர் ஒவ்வொன்றிலும் 10 கே, 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் போட்ட கிளிப்போடு சில வினாடி வையுங்கள். பிறகு மீட்டரில் வோல்ட் பார்த்து, 10-க்குக் கீழே இறங்கியதும் தொடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கம் வேண்டாம். ஆன் செய்து அளக்கும்போது கறுப்பு புரோபை சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு, சிவப்பு ஒரு கையில், இன்னொரு கை சட்டைப் பையில். ஹம் போக வேண்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த்தை வெட்டுவது இங்கே சகஜமாக நடக்கிறது. கிட்டார் கம்பியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் உதடு வைப்பவருக்கு அந்த எர்த்துதான் உயிர்.

எங்கே தேடுவது: மூன்று சோதனை

போனில் ஒரு தம்பி கேட்பார்: “அண்ணே, முதல் வால்வு மாத்தியாச்சு, அப்படியேதான் இரையுதுங்கண்ணே.” நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “வால்யூமை ஸீரோல வச்சா இரைச்சல் நிக்குதா, நிக்கலையா?” பதில் வராது. அதைப் பார்த்திருந்தால் போனே வந்திருக்காது.

வால்யூமை ஸீரோவில் வைத்து இரைச்சல் நின்றால் குற்றம் வால்யூமுக்கு முன்னால், அதாவது முதல் ஸ்டேஜில் அல்லது அதற்கும் வெளியே. நிற்காவிட்டால் பின்னால் போங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கு அவ்வளவாக உதவாது.

நின்றது என்றால் அடுத்தது. ஒரு வெறும் பிளக்கின் முனையையும் உறையையும் உள்ளே சால்டர் வைத்து ஷார்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆயுசுக்கும் உதவும். அதை இன்புட்டில் செருகினால் இரைச்சல் போகிறதா? போனால் கிட்டார், கேபிள், ஜாக்கின் ஸ்விட்ச் கான்டாக்ட் இந்த மூன்றில் ஒன்று. கிட்டார் செருகாதபோது முனையை எர்த்துக்கு இழுத்து வைக்கும் மெல்லிய தகடு ஜாக்குக்குள் இருக்கிறது. அது கறுத்துப்போனால் யாரும் தொடாத ஆம்ப்கூட ‘ஊ’ என்று ஊளையிடும்.

மூன்றாவது சோதனையில்தான் வால்வும் டிரான்சிஸ்டரும் பிரிகின்றன. வால்வு ஆம்பில் கிரிட் பின்னை (ஒரு பாதிக்கு 2, மறு பாதிக்கு 7) நேராக எர்த்துக்கு ஷார்ட் செய்யலாம். கிரிட் ஏற்கெனவே ஸீரோ வோல்ட்டில்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது. இரைச்சல் நின்றால் காரணம் கிரிட்டுக்கு முன். நிற்காவிட்டால் வால்வு, பிளேட் ரெசிஸ்டர், கேத்தோடு கன்டென்சர், சப்ளை. சாதா டிரான்சிஸ்டரின் பேஸை இப்படி எர்த் செய்யவே கூடாது. பயாஸ் (ஸ்டேஜை வேலை செய்யும் நிலையில் வைக்கும் டிசி வோல்ட்) இறங்கி ஸ்டேஜே அணைந்துவிடும், இரைச்சலும் நிற்கும், நீங்கள் ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று தப்பான இடத்தில் கை வைப்பீர்கள். அங்கே 10 மைக்ரோஃபாரட் கன்டென்சர் வழியாகத்தான் எர்த் செய்ய வேண்டும். ஒற்றை சப்ளையில் ஓடும் ஐசிக்கும் இதே விதி, அதன் இன்புட் சப்ளையின் பாதி வோல்ட்டில் மிதக்கிறது. கேட்டிலிருந்து 1 மெக் நேராக எர்த்துக்குப் போகும் ஃபெட் என்றால் வால்வு மாதிரியே ஷார்ட் செய்யலாம்.

‘உம்ம்’ என்று ஹம்

முதலில் காதால் ஸ்வரம் பிடியுங்கள், மீட்டர் அப்புறம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். ஹம் அதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போய் ஒரு மயிரிழை ஏறி ஒலித்தால் அது 100 ஹெர்ட்ஸ், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பிந்தைய சங்கதி. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே முனகினால் 50 ஹெர்ட்ஸ்.

வால்வு ஆம்பில் 50 ஹெர்ட்ஸ் என்றால் முதல் சந்தேகம் ஹீட்டர். 6.3 வோல்ட் ஏசி ஓடும் இரண்டு வயரும் ஒன்றோடொன்று இறுக்கமாக முறுக்கி, கிரிட் வயருக்கு எட்டத் தள்ளிப் போக வேண்டும். ஹீட்டர் சுற்றுக்கு நடு எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் சென்டர் டேப் இல்லாவிட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் 100 ஓம் வீதம் எர்த்துக்குப் போட்டிருப்பார்கள். அந்த 100 ஓமில் ஒன்று கருகிப்போவது அடிக்கடி நடக்கும் கதை. அவுட்புட் வால்வு ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன்னால் இது தன்னைக் கொடுத்துவிடும். ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவே கசிவு விழுந்த வால்வும் இதே ஸ்வரத்தில் பாடும். இது ஒன்றில்தான் ‘வால்வை மாத்திப் பாரு’ என்ற அறிவுரை நேராகப் பலிக்கும்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் ஹீட்டரே கிடையாது. அங்கே 50 ஹெர்ட்ஸ் கேட்டால் பாகங்களைச் சந்தேகிக்காதீர்கள். வெளியிலிருந்து வருகிறது: கேபிளின் ஷீல்டு அறுந்திருக்கும், கிட்டாரின் பிரிட்ஜ் எர்த் வயர் விட்டிருக்கும், மிக்ஸருக்கும் ஆம்புக்கும் நடுவே எர்த் லூப் இருக்கும். ஏற்காடு இருக்கும் ஷெவராய் மலையில் இன்னொன்றும் உண்டு. அடியில் சார்னோகைட் பாறை, உச்சியில் பாக்சைட். பாறையில் அடித்த எர்த் குழாய் பேருக்குத்தான் எர்த். ஹாலில் உள்ள எல்லா உபகரணத்தையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுங்கள். பாதி ஹம் அதிலேயே போகும்.

100 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் கன்டென்சர் காய்ந்திருக்கிறது. வால்வு ஆம்பில் முதல் ஸ்டேஜுக்கென்று தனி ஃபில்டர் இருக்கும், சங்கிலியின் கடைசிக் கன்டென்சர். அதே அளவு புதியது ஒன்றை அதற்கு இணையாக, துருவம் பார்த்து வைத்தால் தெரிந்துவிடும்.

இனி நம் பக்கத்து விசேஷம்: சாயங்காலம் மட்டும் ஹம். பகலில் சுத்தமாக இருந்த டிரான்சிஸ்டர் ஆம்ப் ஏழு மணிக்கு மேல் முனகும். சேலத்தில் அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று விசைத்தறிப் பக்கம் இருப்பவர்களுக்கு லைன் வோல்டேஜ் இறங்குவது புதிதல்ல. ஆனால் அது ஏன் ஹம் ஆகிறது என்று கணக்குப் போட்டால் சுவாரசியம். உள்ளே 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர், அதன் பின் சப்ளையை 15 வோல்ட்டில் நிறுத்தும் 7815 ரெகுலேட்டர். 230 வோல்ட்டில் ரெகுலேட்டருக்கு முன்னால் 20 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். 7815 ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது 17.5 வேண்டும். லைன் 180-க்கு இறங்கினால் முன்னால் கிடைப்பது 16-ஐத் தொடாது. ரெகுலேட்டர் பிடியை விட்டுவிடும், டிசியில் மிச்சமிருக்கும் 100 ஹெர்ட்ஸ் சிற்றலை அப்படியே முதல் ஸ்டேஜின் சப்ளைக்குப் போகும். ஐசியை எத்தனை முறை மாற்றினாலும் ஹம் போகாது. 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போகும். வால்வு ஆம்புக்கு அதே 180 வோல்ட்டில் ஹம் ஏறாது. ஹீட்டர் 6.3-லிருந்து 4.9-க்கு இறங்கிச் சத்தம் சோர்ந்துபோகும், அவ்வளவுதான்.

கரண்ட் போனதும் ‘ஜிர்ர்’

இன்வெர்ட்டர். விலை குறைந்த இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. அதன் கூரான ஓரங்கள் உயர் மின்தடை உள்ள இன்புட்டுக்குள் எளிதில் குதித்துவிடும். கூடவே இன்னொன்று: சைன் அலையில் 230 வோல்ட்டுக்கு உச்சம் 325, சதுர அலையில் 230-தான். வால்வின் ஹீட்டர் வழக்கம்போல் எரியும், ஆனால் உயர் வோல்டேஜ் முப்பது சதவீதம் வரை விழுந்துவிடும். ‘ஆம்ப் வீக் ஆயிடுச்சு’ என்று கொண்டுவருபவரிடம் முதலில் வீட்டில் என்ன இன்வெர்ட்டர் என்று கேட்கிறேன். சைன் அலை இன்வெர்ட்டர் வாங்கும் வரை கரண்ட் இல்லாதபோது சும்மா கிட்டாரை மட்டும் வாசியுங்கள்.

‘புஸ்’ என்று இரைச்சல்

கொஞ்சம் ‘புஸ்’ இயல்பு. 68 கே ரெசிஸ்டர் ஒன்றே அறை வெப்பத்தில், 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், 4.7 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். எந்த உயர்ந்த வால்வும் அதைத் துடைக்க முடியாது.

திடீரென்று கூடியிருந்தால் வால்வு ஆம்பில் பிளேட்டின் 100 கே-யைப் பாருங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர் வயசாக ஆக இரைச்சலும் ஏறும், மதிப்பும் ஏறும். 100 கே என்று போட்டிருக்கும், அளந்தால் அதைவிட நன்றாகவே கூடியிருக்கும். 1 வாட் மெட்டல் ஃபிலிம் போடுங்கள். சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள், ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய வால்வு செய்யாததைச் செய்யும்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் ‘புஸ்’ பெரும்பாலும் யாரோ செய்த ‘மேம்பாடு’. டிஎல்072 இருந்த இடத்தில் ‘இது இன்னும் நல்ல ஐசி’ என்று என்ஈ5532 செருகியிருப்பார்கள். தரவுத்தாளில் வோல்டேஜ் இரைச்சல் டிஎல்072-க்கு 18 நானோவோல்ட், என்ஈ5532-க்கு 5. அதை மட்டும் பார்த்தால் நியாயம்தான். மைக்குக்கு அது அருமையான ஐசி. ஆனால் கிட்டார் பிக்கப்பின் மின்தடை அதிர்வெண் ஏற ஏற நூறு கிலோ ஓமைத் தாண்டும். அங்கே என்ஈ5532-இன் கரண்ட் இரைச்சல் அந்த மின்தடையோடு பெருகிப் பழையதைவிட மோசமாகும். அதோடு அதன் இன்புட் 200 நானோஆம்ப் உறிஞ்சும். 1 மெக் ரெசிஸ்டர் வழியாக அது 0.2 வோல்ட். வால்யூமைத் திருப்பும்போது ‘கர்ர்’ என்று வருவது அதனால்தான். கிட்டார் இன்புட்டில் டிஎல்072-ஐயே திருப்பிப் போடுங்கள்.

வால்யூமைத் திருப்பினால் கரகர

வால்யூமின் பாட் (திருகும் ரெசிஸ்டர்) அழுக்காக இருந்தால் ஸ்ப்ரே அடித்ததும் போகும். ஸ்ப்ரே அடித்தும் ஒரு வாரத்தில் திரும்பினால் அங்கே டிசி நிற்கிறது. வால்வு ஆம்பில் பிளேட்டுக்கும் வால்யூமுக்கும் நடுவே இருக்கும் 0.022 மைக்ரோஃபாரட் கசிகிறது. வால்யூமின் மேல் முனையில் மீட்டர் வைத்து, அரை வோல்ட் காட்டினாலும் கன்டென்சரைக் கழற்றிவிட்டு 630 வோல்ட் பாலியெஸ்டர் போடுங்கள்.

யாரும் தொடாமலே படபட, மழை நாளில் மட்டும்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏற்காட்டு ஆம்ப்களில் பாதிக்கு இதுதான் வியாதி.

சேலத்தில் நன்றாகப் பாடிய ஆம்ப், இருபது ஹேர்பின் வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனதும் வெடிக்க ஆரம்பிக்கும். வழியில் குலுங்கி லூஸ் கான்டாக்ட் ஆகியிருக்கும் என்று நினைப்பார்கள். அதுவும் இருக்கலாம், தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் தட்டினால் மாற்றமில்லை, மூடுபனி இறங்கும் நாளில் மட்டும் வருகிறது, வெயில் வந்தால் போய்விடுகிறது என்றால் அது ஈரம்.

வால்வு ஆம்பில் ஈரம் வேலை செய்யும் விதம் இப்படி. பழைய ஆம்ப்களில் பாகங்களை மெழுகு பூசிய கறுப்பு ஃபைபர் போர்டில் கட்டியிருப்பார்கள். அந்த ஃபைபர் ஈரத்தை உறிஞ்சும். ஒரு ஓரத்தில் 280 வோல்ட், இரண்டு அங்குலம் தள்ளி கிரிட் சந்திப்பு, நடுவே ஈரமான போர்டு. கிரிட்டிலிருந்து எர்த்துக்கு 1 மெக் மட்டுமே இருப்பதால், போர்டு வழியாக ஒரு மைக்ரோஆம்ப் கசிந்தால்கூட கிரிட்டில் ஒரு வோல்ட் ஏறும். பயாஸே 1.5 வோல்ட்தானே. கசிவு சீராகவும் இருக்காது, துள்ளித் துள்ளி வரும். அதுதான் படபட.

இதைப் பிடிக்க: ஆம்ப் ஆனில், கறுப்பு புரோப் சேஸிஸில். சிவப்பு முனையை எந்தப் பாகத்தையும் தொடாமல் வெறும் போர்டின் மேல், கிரிட் சந்திப்புக்கு அருகில் ஊன்றுங்கள். நல்ல போர்டில் மீட்டர் அசையாது. ஈரப் போர்டில் வோல்ட் காட்டும், முனையை உயர் வோல்டேஜ் பக்கம் நகர்த்த நகர்த்த ஏறிக்கொண்டே போகும். அணைத்து, கன்டென்சரின் சார்ஜை இறக்கி, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் கால் மணி நேரம் காட்டுங்கள். சத்தம் போய்விட்டால் நோய் உறுதி. ஆனால் அது மருந்து ஆகாது, அடுத்த பனிக்கு மறுபடி வரும். கிரிட் சந்திப்பை மட்டும் போர்டிலிருந்து தூக்கி, 68 கே, 1 மெக் இரண்டையும் சாக்கெட்டின் பின்னிலேயே காற்றில் தொங்கவிட்டு சால்டர் செய்துவிட்டால் தீர்ந்தது. வால்வு சாக்கெட்டின் பிளேட் பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் நடுவே கறுப்புக் கோடு விழுந்திருந்தால் சாக்கெட்டையே மாற்றுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தடவித் துடைத்து ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் 300 வோல்ட் கிடையாது என்பதால் ஈரத்துக்கு அவ்வளவு பலம் இல்லை. அங்கே அதே வேலையைச் செய்வது மலிவான ஃப்ளக்ஸ். முந்தைய மெக்கானிக் டப்பியிலிருந்து ஃப்ளக்ஸ் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவி சால்டர் வைத்திருப்பார், துடைத்திருக்க மாட்டார். அது பனியில் ஈரம் இழுத்து ஃபெட்டின் கேட் சந்திப்பில் கசிவு உண்டாக்கும். ஐசோபுரொபைலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் வெயில், மழை பார்க்காமல் சோளம் பொரிவதுபோல் ‘பொட்... பொட்’ என்று தனித்தனியாக விழுந்தால் டிரான்சிஸ்டரே பழுது. வேறு பிசி549 போட வேண்டியதுதான்.

மலையின் குளிரில் இரவு முழுக்க வண்டியில் கிடந்த ஆம்பைக் கூட்டம் நிறைந்த சூடான ஹாலுக்குள் கொண்டுவந்ததும் ஆன் செய்யாதீர்கள். உள்ளே வியர்த்திருக்கும். ஒரு மணி நேரம் பின்பக்கம் திறந்தபடி வையுங்கள். கோடை விழா மேடையில் இதற்கு நேரம் தரமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சத்தம் வருகிறது, ஆனால் மங்கல், அல்லது மெலிசு

இந்த இரண்டும் எதிரெதிர் அறிகுறி, காரணம் ஒன்றே. சாதா டிரான்சிஸ்டர் இன்புட்டில் பயாஸ் ரெசிஸ்டர்கள் சேர்ந்து மொத்த இன்புட் மின்தடையை 50 கே பக்கம் இழுத்துவிடும். மின்கிட்டாரின் காந்தப் பிக்கப் என்பது சில ஹென்றி கொண்ட சுருள். கேபிளின் கன்டென்சரோடு சேர்ந்து 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முகடு எழுப்பும், கிட்டாரின் பளிச்சென்ற தன்மை அந்த முகட்டில்தான் இருக்கிறது. 50 கே அதை அமுக்கிவிடும். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வரும்.

அதே இன்புட்டில் சர்ச்சில் வாசிக்கும் அகூஸ்டிக் கிட்டாரின் பீசோ பிக்கப்பைச் செருகினால் நேர்மாறு. பீசோ ஒரு கன்டென்சர். அது 1 நானோஃபாரட் என்று வைத்தால் 50 கே-யோடு சேர்ந்து 3.2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் வடிந்துபோகும். தகரத்தில் தட்டிய மாதிரி ‘கீச் கீச்’ என்று கேட்கும். 1 மெக் இருந்தால் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸ், 10 மெக் இருந்தால் 16. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், ஆகவே பீசோவுக்கு வால்வு ஆம்பின் 1 மெக்கூட அரைகுறைதான். முன்னால் 10 மெக் கேட் ரெசிஸ்டரோடு ஒரு ஃபெட் பஃபர் போடுங்கள். இன்ஜினியரிங் காலேஜ் லேபில் எல்லோரும் தொட்டுப் பார்த்த பிஎஃப்டபிள்யூ10 இதற்குத் தாராளம். நான்கு காலில் ஒன்று உலோக உறைக்கு, அதை எர்த் செய்ய மறக்காதீர்கள்.

வால்வு ஆம்ப் திடீரென்று மங்கினால் கதை வேறு. கேத்தோடின் 25 மைக்ரோஃபாரட் காய்ந்திருக்கும். கணக்குப்படி பெருக்கம் 61-லிருந்து 32-க்கு இறங்கும், காதுக்கு 6 டெசிபல் குறைவு. வோல்டேஜ் அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பவர் அணைத்து, புதிய கன்டென்சரை இணையாகக் கட்டி ஆன் செய்தால் சத்தம் குதிக்கும்.

பலமாக அடித்தால் கிழிகிறது

கிட்டாரின் வால்யூமைப் பாதியாக்குங்கள். சுத்தமானால் அது சுமை, பழுதல்ல. வால்வு சுமை தாளாதபோது ஒரு பக்கம் கிரிட் கரண்ட்டிலும் மறுபக்கம் கட்-ஆஃபிலும் (கரண்ட் நின்றுபோகும் இடம்) மெதுவாக மடியும், பலர் அதைத்தான் தேடி வருகிறார்கள். 1950-களின் கடைசியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேனில் முதல் இடத்தில் 12ஏஒய்7 இருந்தது, பெருக்கக் காரணி 44 பக்கம். அதே சர்க்யூட்டை வைத்து மார்ஷல் செய்த ஆம்பில் 100 உள்ள ஈசிசி83 வந்தது, சீக்கிரம் கிழிந்தது. உங்களுக்குத் தாமதமாகக் கிழிய வேண்டுமானால் 12ஏஒய்7 செருகுங்கள், பின்கள் ஒன்றே.

எமிட்டர் ரெசிஸ்டரை முழுக்கக் கன்டென்சரால் மூடிய சாதா டிரான்சிஸ்டர் ஸ்டேஜ் சில பத்து மில்லிவோல்ட்டிலேயே தட்டையாகிவிடும். 470 ஓம் ஒன்றைக் கன்டென்சருக்குத் தொடராகப் போட்டால் தாக்குப்பிடிக்கும், சத்தம் கொஞ்சம் குறையும். பழைய டிஎல்072 நெகட்டிவ் சப்ளையை நெருங்கினால் அவுட்புட் தலைகீழாகக் குதிக்கும், காதைக் கீறும் ஒரு துப்பல் சத்தம். இன்புட்டில் இரண்டு டையோடு வைத்துக் கட்டுப்படுத்த வேண்டும்.

மெதுவாக வாசித்தாலும் கிழிந்தால் பயாஸ் போய்விட்டது. வால்வில் கேத்தோடு ஸீரோ வோல்ட், பிளேட் 100 பக்கம் என்றால் கேத்தோடு கன்டென்சர் ஷார்ட்.

தட்டினால் மணி அடிக்கிறது

மைக்ரோஃபோனிக் வால்வு, அதாவது அதிர்வை மைக் மாதிரி பிடித்துச் சத்தமாக்கும் வால்வு. பென்சில் கட்டையால் கண்ணாடியை மெல்லத் தட்டுங்கள், ‘டிங்’ என்று ஸ்பீக்கரில் நீண்டு ஒலித்தால் வால்வை மாற்றுங்கள். அல்லது பின் ஸ்டேஜில் இருப்பதோடு இடம் மாற்றுங்கள், அங்கே தெரியாது. டிரான்சிஸ்டர் ஆம்பில் இது வராது. வந்தால் டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத சால்டர்) அல்லது அதிர்வுக்குச் சிணுங்கும் செராமிக் கன்டென்சர்.

யாரோ பேசுவது கேட்கிறது

மலை உச்சியில் டவர்களுக்கு நடுவே வாசிப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் ஒரு டையோடு, பழைய கிரிஸ்டல் ரேடியோ மாதிரியே அலையைப் பிரித்துக் கேட்கவைத்துவிடும். ஜாக்கிலேயே தொடராக 1 கே, பேஸிலிருந்து எமிட்டருக்கு 100 பிகோஃபாரட், காலை முடிந்தவரை சிறிதாக வெட்டிப் போடுங்கள். வால்வு ஆம்பில் 68 கே-யும் வால்வின் உள் கன்டென்சரும் சேர்ந்து இதைத் தானாகவே வடிக்கும். ஆனால் 68 கே ஜாக் பக்கம் இருந்தால் அங்கிருந்து கிரிட் வரை போகும் வயரே ஏரியல். ரெசிஸ்டரைக் கிரிட் பின்னுக்கு நகர்த்துங்கள். ‘டிடி-டிட்’ என்று தாளம் போட்டால் அது 2ஜி போனின் 217 ஹெர்ட்ஸ், ஆம்ப் மேல் வைத்த செல்லை எடுங்கள்.

சத்தமே இல்லை

வால்வு: பிளேட்டில் சப்ளை அளவு முழு வோல்ட், கேத்தோடில் ஸீரோ என்றால் கரண்ட் ஓடவில்லை. ஹீட்டர் எரிகிறதா பாருங்கள், இல்லையென்றால் சாக்கெட் பின் விரிந்திருக்கும். பிளேட்டில் முழு வோல்ட், கேத்தோடிலும் பல வோல்ட் ஏறி நின்றால் கேத்தோடு ரெசிஸ்டர் திறந்துவிட்டது. பிளேட்டில் ஒன்றுமே இல்லை, சப்ளை இருக்கிறது என்றால் 100 கே திறந்துவிட்டது.

சாதா டிரான்சிஸ்டர்: பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.6 முதல் 0.7 வரை இருக்க வேண்டும். 0.8-ஐத் தாண்டி ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் உள்ளே ஜங்ஷன் அறுந்திருக்கிறது, யோசிக்காமல் மாற்றுங்கள். 0.6 இருக்கிறது, ஆனால் கலெக்டரும் எமிட்டரும் ஒரே வோல்ட்டில் நின்றால், பேஸிலிருந்து எர்த்துக்குப் போகும் பயாஸ் ரெசிஸ்டர் திறந்திருக்கும் அல்லது கலெக்டர்-எமிட்டர் ஷார்ட்.

ஃபெட்டை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே நம்பர் போட்ட இரண்டு ஃபெட் ஒரே மாதிரி நடக்காது. 2என்5457-க்குக் கட்-ஆஃப் 0.5 முதல் 6 வோல்ட் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தரவுத்தாளே சொல்கிறது. டிரெய்ன் ரெசிஸ்டருக்குப் பதில் டிரிம் பாட் வைத்து, டிரெய்ன் சப்ளையின் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி திருப்பி, பிறகு அளந்து நிலையான ரெசிஸ்டர் போடுங்கள். கால் உள்ள அசல் ஜே201 இப்போது எளிதில் கிடைப்பதில்லை. மலிவாகக் கிடைத்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கலாம்.

கடையில் பிசி547 இல்லை என்று 2என்3904 கொடுத்தால் வாங்கலாம், வேலை செய்யும். தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க வைத்தால் பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். பழையது இருந்த திசைக்கு நேர் எதிராகத் திருப்பிப் போடுங்கள்.